கடிதம் போட்டு வளர்த்த செவ்வந்தி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் ஒரு முட்டாள். உள்ளூர் முட்டாள் இல்லை. கடல் தாண்டி, தபால்தலை ஒட்டி முட்டாள்தனம் பண்ணியவன். குவைத்தில் உட்கார்ந்துகொண்டு, மதுரைக்கு மேற்கே நாகமலை புதுக்கோட்டையில் இருக்கும் என் வீட்டுக் கொல்லையில் ஒரு விஷச்செடிக்குச் செவ்வந்தி என்று பெயர் வைத்து, ஒரு வருடம் தண்ணீர் ஊற்றி வளர்க்கச் சொன்னேன். ஊற்றியவள் என் மனைவி. அதனால் மூச்சுத் திணறியவளும் அவள்தான். எனக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. முட்டாள்தனத்தின் பலன் முட்டாளுக்கே போய்ச் சேரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இன்றோடு நான் குவைத்துக்கு வந்து ஏழு வருடம். காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது ஜமால்தான் ஞாபகப்படுத்தினான். ஜமால் மதுரை முனிச்சாலைக்காரன், எலக்ட்ரீசியன். ஆறு பேர் படுக்கும் எங்கள் அறையில் எனக்கு அடுத்த கட்டில்.

"ஏழு வருசம் ஆச்சுல்லண்ணே? கேக்கு வெட்டுவமா?"

"எதுக்கு மாப்ள கேக்கு?"

"உசுரோட இருக்கோம்ல."

பஸ் வந்துவிட்டது.

எனக்கு ஒரு கட்டட கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலை. நாள் முழுக்க ஆணி, குழாய், கம்பி. கண்ணுக்கெட்டிய தூரம் மணல். ஏழு வருடத்தில் இந்த நாட்டில் நான் சொந்தமாக வளர்த்தது, ஜன்னல் ஓரத்துப் பால்பவுடர் டப்பாவில் கொஞ்சம் வெந்தயக் கீரை. அதற்கு ஒரு யோசனை சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: விதையை ஒரு ராத்திரி ஊறவையுங்கள், மேலே மண்ணை அள்ளிக் கொட்டாமல் லேசாகத் தூவுங்கள், டப்பாவின் அடியில் ஆணியால் நாலு ஓட்டை போடுங்கள். தோட்டக்கலையில் என்னை நம்பக்கூடிய எல்லை அவ்வளவுதான். மற்றதிலெல்லாம் நான் சொல்வதற்கு நேர்மாறாகச் செய்தால் உங்கள் தோட்டம் செழிக்கும்.

2

என் மனைவி வசந்தா எழுமலைக்காரி. பருத்தியும் சோளமும் கடலையும் போட்ட குடும்பம். மண்ணைக் கையில் எடுத்தாலே இதில் என்ன வரும், என்ன வராது என்று சொல்லிவிடுவாள். நான் ஆரப்பாளையத்தான். அப்பாவுக்கு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டீக்கடை. பச்சை என்று நான் பார்த்ததெல்லாம் சாப்பாட்டுக் கடை வாழையிலையும் லாட்ஜ் ஜன்னலின் பெயின்டும்தான். எங்கள் இரண்டு பேரில் தோட்டத்தைப் பற்றி யார் யாருக்குப் பாடம் எடுத்திருக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

நான்தான் எடுத்தேன். வெளிநாட்டிலிருந்து வீடு கட்டியவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. அதோடு என்னிடம் ஒரு தோட்டக்கலைப் புத்தகமும் இருந்தது. நடைபாதையில் வாங்கியது, அட்டையும் முதல் இருபது பக்கமும் இல்லை. செடியைப் பார்த்துப் பெயர் கண்டுபிடிப்பது எப்படி என்ற பாடம் அந்த இருபது பக்கத்தில்தான் இருந்திருக்க வேண்டும்.

வாரம் ஒரு ஏரோகிராம் போடுவேன். பாதிக்கு மேல் தோட்டம். கடிதம் போய்ச் சேரப் பத்துப் பன்னிரண்டு நாள், பதில் வர இன்னொரு பன்னிரண்டு நாள். மழைக்கு முந்தி முருங்கைப் போத்து நட்டுவிடு என்று எழுதுவேன். அது மழை விட்டுப் போன மறுவாரம் போய்ச் சேரும். அவரைக் கொடியில் அசுவினிப் பூச்சி விழுந்திருக்கிறது என்று அவள் எழுதியதற்கு, சாம்பலைச் சலித்துக் காலையில் பனி காயுமுன் தூவு என்று ஒரு பக்கம் எழுதினேன். (இந்த யோசனை சரியானது. புத்தகத்தில் இருந்தது.) வசந்தாவிடமிருந்து பதில் வந்தது: "அவரையைப் பறித்துப் பொரியல் வைத்துச் சாப்பிட்டாகிவிட்டது. சாம்பலை எதில் போடட்டும்?"

அப்போதே நான் பேனாவை மூடியிருக்க வேண்டும்.

ஒரு லீவில் வந்தபோது செவ்வந்திக் கன்று ஒன்று வாங்கி, துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நட்டேன். தண்ணீருக்குப் பஞ்சமிருக்காது என்று கணக்கு. செவ்வந்திக்கு வேரில் தண்ணீர் நின்றால் ஆகாது, சோப்புத் தண்ணீர் அறவே ஆகாது. மேட்டில், வெயில் படுகிற இடத்தில் நட வேண்டும். நடும்போதே வசந்தா சொன்னாள்: "அங்க வேணாங்க, அழுகிப்போகும்." நான் புத்தகத்தைக் காட்டினேன். நான் குவைத் திரும்பிய மாதமே அது அழுகிக் காய்ந்துவிட்டது என்று எழுதினாள். எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் நட்ட ஒரே செடி. வேர் இருக்கும், மழைக்குப் பக்கக் கன்று வெடிக்கும், அந்த இடத்தைக் கொத்தாதே என்று எழுதினேன்.

மழை பெய்தது. அதே இடத்தில் ஒன்று முளைத்தது. உள்ளே எதையும் வைக்கக் கூடாது என்று மேலேயே அச்சடித்திருக்கும் ஏரோகிராமுக்குள் ஓர் இலையை வைத்து மடித்து வசந்தா அனுப்பினாள். "இது என்ன செடி என்று பார்த்து எழுதவும்."

இலை ஓரமெல்லாம் கத்தரித்துவிட்டாற்போல ஆழமாக வெட்டு விழுந்திருந்தது. செவ்வந்தி இலை அப்படித்தான் இருக்கும். கட்டிலில் எழுந்து நின்று அறைக்கே அறிவித்தேன். ஜமால் வாங்கிப் பார்த்துவிட்டு, "கொத்தமல்லி மாதிரி இருக்குண்ணே" என்றான். அவனுடைய அறியாமையைப் பார்த்துச் சிரித்தேன்.

இலையை வைத்து மட்டும் செடிக்குப் பெயர் சொல்லாதீர்கள். செவ்வந்தி இலையைக் கசக்கினால் மூக்கில் ஏறுகிற ஒரு வாசம் வரும்; என் கைக்கு வந்ததோ பன்னிரண்டு நாள் காய்ந்து, தபால் பை வாசம் மட்டும் மிஞ்சிய சருகு. தண்டைப் பார்க்க வேண்டும், அதில் வரி ஓடுகிறதா, சுணை இருக்கிறதா என்று தடவ வேண்டும். பூவைப் பார்க்கும்வரை பொறுக்க வேண்டும். நான் எதையும் செய்யவில்லை. செத்த செடி பிழைத்துவிட்டது என்று யாராவது சொல்ல வேண்டுமென்று எனக்கு ஆசை. யாரும் சொல்லாததால் நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த கடிதத்தில், "ஆடு இதில் வாய் வைக்கவில்லை. மோந்து பார்த்துத் தும்மிவிட்டுப் போகிறது" என்று எழுதியிருந்தாள். "ஆடு தாவரவியல் படிக்கவில்லை" என்று பதில் போட்டேன். இந்த நகைச்சுவையை அறையில் எல்லோரிடமும் படித்துக் காட்டினேன்.

அதற்கடுத்து, "பூ வெள்ளையாக, மூக்குத்திக் கல் அளவுக்குத்தான் இருக்கிறது." மண்ணில் சத்துப் போதவில்லை, சாணி எரு போடு, முதல் பூவைக் கிள்ளாதே, விதையாகட்டும் என்று எழுதினேன்.

போட்டாள். கிள்ளவில்லை. விதையானது.

3

கடிதத்தைவிட எங்களுக்கெல்லாம் கேசட் பெரிது. ஊருக்குப் போய் வருகிறவர் யாராவது கொண்டுவருவார். வீட்டுக்காரர்கள் ஒரு மணி நேரம் பேசிப் பதிவு செய்திருப்பார்கள். அறையில் ஒரு வழக்கம் உண்டு: ஒருவனுக்கு மனைவியின் கேசட் வந்தால் மற்ற ஐந்து பேரும் எழுந்து மாடிப்படிக்குப் போய்விடுவார்கள். யாரும் யாரிடமும் சொல்வதில்லை. படியில் உட்கார்ந்து பீடி குடிப்பார்கள்.

இன்னொரு வழக்கம், அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஊரிலிருந்து வருகிற எதிலும் கெட்ட செய்தி இருக்காது. 'இங்கு யாவரும் நலம்.' இங்கிருந்து போவதிலும் இருக்காது. எனக்கு மஞ்சள்காமாலை வந்து படுத்திருந்தபோது நானும் நலம் என்றுதான் எழுதினேன். தூரத்தில் கிடக்கிறவனைக் கலங்கவைக்கக் கூடாது என்று அவர்கள், உழைத்துப் போடுகிறவன் அழக் கூடாது என்று நாங்கள்.

அந்தக் கேசட்டில் வசந்தா பேசியது எனக்கு மனப்பாடம். "நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம். சுமதி நல்லாப் படிக்கிறா. ஒங்க செவந்தி கல்லச் சுத்தி மண்டிப்போய் நிக்கிது." ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே ஒரு சத்தம். பழைய சைக்கிள் பம்பை அமுக்கி விட்டாற்போல, இழுத்து, விசிலடித்து.

டேப் ரெக்கார்டர் பழுது என்று நினைத்தேன். பஞ்சில் சென்ட்டைத் தொட்டு ஹெட்டைத் துடைத்தேன். சத்தம் போகவில்லை. மறுநாள் மறுபடி துடைத்தேன். மூன்றாம் நாள் பக்கத்து அறையிலிருந்து வேறு மெஷின் இரவல் வாங்கிப் போட்டேன். அதிலும் இருந்தது. கேசட்தான் மட்டம் என்று தீர்மானித்து, நல்ல கேசட் வாங்கக் கூடாதா என்று வசந்தாவுக்குக் கோபமாக ஒரு கடிதம்கூட எழுதிவிட்டேன்.

அன்று ஜமால் துண்டு எடுக்க உள்ளே வந்தான். நான் கேசட்டை நிறுத்தவில்லை. ஹெட்டைத் துடைத்துக்கொண்டே ஓடவிட்டிருந்தேன். துண்டைத் தோளில் போட்டபடி நின்று கேட்டான். வசந்தா பேசி முடித்து, மகள் சுமதி பாடப் புத்தகத்திலிருந்து ஒரு செய்யுளை ஒப்பித்தாள்.

"அண்ணே, பாப்பா பேசுறப்ப அந்தச் சத்தம் இல்லையே."

நான் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"மிசினு கோளாறுன்னா ரெண்டு பேருக்கும்ல வரணும்? தொடைக்கிறத விடுங்கண்ணே. அது அண்ணியோட மூச்சு."

மனைவியின் இழுப்பை மூன்று நாள் சென்ட் போட்டுத் துடைத்தவன் நான். நான் முட்டாள் என்று ஆரம்பத்தில் சொன்னபோது, ஏதோ அடக்கத்துக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பீர்கள்.

4

லீவு கேட்டேன். பாஸ்போர்ட் கம்பெனி அலமாரியில் இருக்கிறது. அதை வெளியே எடுக்க ஒரு விண்ணப்பப் பாரம், பாரத்தில் மேனேஜர் கையெழுத்து, கையெழுத்துக்கு முன் லீவு குமாஸ்தாவின் முத்திரை. அவசர லீவுக்குக் காரணம் இங்கிலீஷில் எழுத வேண்டும். என் இங்கிலீஷ் ஸ்டோர் இங்கிலீஷ். ஆணி எத்தனை, குழாய் எத்தனை என்பதற்குமேல் போகாது. மனைவிக்கு மூச்சுத் திணறல் என்பதற்கு, 'என் மனைவி ரொம்ப மூச்சு விடுகிறாள்' என்ற பொருளில் எழுதிவிட்டேன்.

குமாஸ்தா படித்தார். "எல்லோருடைய மனைவியும்தான் மூச்சு விடுகிறார்கள். அதற்கெல்லாம் லீவு கொடுத்தால் கம்பெனியை யார் நடத்துவது?"

வாய்ப்பேச்சு செல்லாது, ஊரிலிருந்து தந்தி வேண்டும் என்றார். உடனே வசந்தாவுக்கு எழுதினேன்: உடம்பு சரியில்லை, புறப்பட்டு வரவும் என்று எனக்கு ஒரு தந்தி கொடு; மறைத்தது போதும், எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

தந்தி வந்தது. நேராக கம்பெனி விலாசத்துக்கே வந்து, குமாஸ்தா பிரித்து, என் பாரத்தோடு குண்டூசியால் குத்தி வைத்துவிட்டார். 'யாவரும் நலம். கவலை வேண்டாம்.'

எங்கள் வழக்கம் எங்களையே கவிழ்த்த இடம் இது. அந்தத் தந்தி ஃபைலில் இருக்கும்வரை அவசர லீவு கிடையாது. வருடாந்தர லீவு வர இன்னும் நான்கு மாதம் இருந்தது. நான்கு மாதமும் ஆணி எண்ணினேன்.

5

ஆரப்பாளையத்தில் டவுன் பஸ் ஏறி, இரண்டு சூட்கேஸோடு நாகமலை புதுக்கோட்டையில் இறங்கி நடந்தேன். வீடு பூட்டியிருந்தது. வாசல், கொல்லை, பக்கத்து மனைகள் எல்லாம் இடுப்புயரப் பச்சை; பச்சைக்கு மேலே உப்பைத் தூவினாற்போல வெள்ளைப் பூ. என் ஏழு வருடம் அதற்குள் நின்றுகொண்டிருந்தது, கதவு மட்டும் தெரிந்தது.

பக்கத்து வீட்டுச் செல்வராஜ் சாவி கொண்டுவந்தார். பல்கலைக்கழகத்தில் தாவரவியல் லேபில் வேலை பார்ப்பவர். சமீபத்தில்தான் குடிவந்திருந்தார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. இதுக்குப் போயி யாரு எரு போட்டது?"

"ஏன்?"

"இது பார்த்தீனியம் சார். வெளிநாட்டுல இருந்து வந்த களை. கையில பட்டா அரிப்பு, மூச்சுல போனா இழுப்பு. சில பேருக்கு ஒத்துக்கவே ஒத்துக்காது. ஊரெல்லாம் இதப் புடுங்கிப் போட்டுட்டு இருக்காங்க, ஒங்க வீட்டுல மட்டும் பாத்தி கட்டியிருக்கு."

பாத்தி கட்டச் சொன்னதும் நான்தான். சொல்ல மறந்துவிட்டேன்.

மீதியையும் அவர்தான் சொன்னார். வசந்தா கையெல்லாம் தடித்து, கழுத்தில் கறுத்து, உட்கார்ந்தபடியே தூங்க ஆரம்பித்ததும் மதுரையில் டாக்டரிடம் போயிருக்கிறாள். அந்த வீட்டில் இருக்காதே என்று அவர் சொல்லிவிட்டார். மூன்று வாரத்துக்கு முன்பு சுமதியை அழைத்துக்கொண்டு எழுமலைக்கு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். எனக்கு எழுதிய கடிதங்களில் விலாசம் மட்டும் மாறவில்லை.

எழுமலைக்குப் போய் ஒரு நடை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, லீவு முழுக்கப் பிடுங்கினேன். என் வாழ்க்கையில் எனக்கு உண்மையாகத் தெரிந்த ஒரே தோட்ட வேலை இதுதான், அதனால் நம்பிக் கேளுங்கள். மண் ஈரமாக இருக்கும்போது, பூப்பதற்கு முன், வேரோடு இழுங்கள். அறுத்துவிட்டால் மறுபடி தழைக்கும். கைக்கு உறை, முழுக்கைச் சட்டை, மூக்கைச் சுற்றி ஈரத்துணி. வீட்டில் இழுப்புக்காரர் இருந்தால் அவர் பக்கத்திலேயே வரக் கூடாது. கொளுத்தாதீர்கள், புகையும் ஆகாது. பூக்காததைக் குழி வெட்டிப் புதையுங்கள். நடைபாதைக் கல் இடுக்குகளில் கெட்டியாக உப்புக் கரைத்துத் தெளிக்கலாம், செடி வைக்கும் மண்ணில் வேண்டாம். காலியான இடத்தில் ஆவாரை, தகரை விதைத்தால் அவை இதை எழும்பவிடாமல் அமுக்கும். ஆடு ஒதுக்குகிற செடியை நீங்களும் ஒதுக்குங்கள்.

இரண்டாவது வாரம் என் கையிலும் தடித்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

"விதை மண்ணுக்குள்ள வருசக்கணக்காக் கெடக்கும் சார்" என்றார் செல்வராஜ், மதில் மேல் கையை வைத்துக்கொண்டு. "ஒங்க காம்பவுண்டு வரைக்கும் புடுங்கிட்டீங்க. அங்கிட்டு அம்புட்டு மனையும் காலி. காத்துக்குக் காம்பவுண்டு ஏது?"

இந்த வாரம் குவைத்துக்கு அவரிடமிருந்து கடிதம் வந்தது. மழை பெய்திருக்கிறதாம். துவைகல்லுக்குப் பக்கத்தில் பச்சை தெரிகிறதாம். என்ன செடி என்று அவர் எழுதவில்லை. நானும் கேட்டு எழுதப்போவதில்லை.

6

குவைத் புறப்படுவதற்கு முந்தின நாள் எழுமலை போனேன். உசிலம்பட்டியில் பஸ் மாறி இறங்கும்போது நல்ல வெயில். சுமதி தெருவில் இன்னொரு பெண்ணோடு நின்றிருந்தாள். பன்னிரண்டு வயது. அந்தப் பெண், "யாருடி?" என்று கேட்டது காதில் விழுந்தது.

"குவைத்துல இருக்காங்க" என்றாள் சுமதி.

அப்பா என்று சொல்ல வெட்கமாக இருந்திருக்கலாம். இல்லை, கேட்ட கேள்விக்கு அதுவே சரியான பதிலாகவும் இருந்திருக்கலாம். என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு கூட நடந்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம், பேச்சுக் கொடுத்தேன். "ஒங்கப்பன் செவ்வந்தி வளர்த்த கதையக் கேட்டியாடா?" என்று சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "அது செவந்தி இல்லன்னு அம்மாவுக்கு மொதல்லயே தெரியும்ப்பா. எங்கிட்ட சொன்னுச்சு."

"தெரிஞ்சுமா தண்ணி ஊத்துச்சு?"

"ஆசைப்பட்டுக் கேக்குறது ஒரு செடி, அதையும் புடுங்கிட்டேன்னு எப்படி எழுதுறதுன்னுச்சு."

பையை அவளிடமிருந்து வாங்கி, மீதித் தெருவை நானே தூக்கிக்கொண்டு நடந்தேன்.

மச்சான் வாசலிலேயே, "வாங்க மாப்ள" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, மாட்டைப் பார்க்கிற சாக்கில் பின்னால் போய்விட்டார். அந்த வீட்டிலும் எங்கள் அறையின் வழக்கம் உண்டு போலிருக்கிறது.

வசந்தா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்துக் கறுப்பு மங்கியிருந்தது. இழுப்பு குறைந்திருந்தது, ஆனால் எனக்கு இப்போது அந்தச் சத்தம் எங்கே இருந்தாலும் கேட்கும். ரொம்ப இளைத்திருந்தாள். நான் உட்காரவில்லை. வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததை நின்றபடியே சொல்ல ஆரம்பித்தேன்.

ஒரு செடி விடாமல் பிடுங்கியாகிவிட்டது. கொல்லையில் முழங்கால் ஆழம் கொத்திப் புது மண் போட்டிருக்கிறது. ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்தாகிவிட்டது. துவைகல்லைச் சுற்றி சிமென்ட் பூசியாகிவிட்டது, இனிமேல் அங்கே புல்கூட முளைக்காது. வெள்ளையடித்துக் கழுவிவிட்ட வீட்டை ஒரு தடவை பார்த்தால் மனசு மாறும். ஏழு வருடம், வசந்தா. ஆறு பேருக்கு ஒரு விளக்கு எரிகிற அறையில் படுத்துக்கிடந்ததெல்லாம் அந்த ஒரு வீட்டுக்காகத்தானே. அண்ணன் வீட்டில் எவ்வளவு நாள் இருக்க முடியும், சுமதியின் பள்ளிக்கூடம் என்ன ஆவது. இன்றைக்கே கூட வா, ராத்திரி ஒன்றாக அங்கே இருப்போம், விடிந்ததும் நான் மெட்ராஸ் பஸ் ஏறுகிறேன். நீயும் பாப்பாவும் அங்கேயே இருந்துகொள்ளுங்கள்.

அவள் முழுவதையும் கேட்டாள். நான் நிறுத்தியதும், சுவரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மொதல்ல நீங்க அங்க ஒரு வருசம் இருந்து பாருங்க."